வாக்கெடுப்புக்கு மறுநாள்: பாலஸ்தீனத்தின் ஐ.நா. விண்ணப்பம், 2011–2012

எடுத்துக்கொண்ட நிகழ்வு

ஐ.நா. பொதுச் சபையில் பாலஸ்தீனத்துக்கு ஆதரவாக வாக்களிக்கும் நாடுகளுக்கு நெடுங்காலமாகவே பஞ்சமில்லை. அப்படியிருந்தும் மேற்குக் கரையில் நிலைமை அந்த வாக்குகளுக்கு நேரெதிராகவே போய்க்கொண்டிருக்கிறது. இந்த இடைவெளி எப்படி உண்டாகிறது என்று பொதுவாகப் பேசுவதைவிட, தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு நிகழ்வைப் பிரித்துப் பார்ப்பது தெளிவு தரும். 2011 செப்டம்பரில் பாலஸ்தீனத் தரப்பு ஐ.நா.வில் முழு உறுப்பினராகச் சேர விண்ணப்பித்தது. பதினான்கு மாதங்கள் கழித்து ‘உறுப்பினரல்லாத பார்வையாளர் நாடு’ என்ற நிலையைப் பெற்றுத் திரும்பியது. அந்த நிகழ்வைத்தான் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். இதில் வருகிறவர்களைப் பெரும்பாலும் பதவியாலேயே குறிப்பிடுகிறேன். எந்தப் பொறுப்பிலிருந்து, எந்த நெருக்கடியில் முடிவெடுத்தார்கள் என்பதே நமக்கு வேண்டியது.

பின்னணி

1947 நவம்பர் 29 அன்று பொதுச் சபை 181-ஆவது தீர்மானத்தால் பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு என இரண்டாகப் பிரிக்கப் பரிந்துரைத்தது. ஆதரவு 33, எதிர்ப்பு 13, நடுநிலை 10. எதிர்த்தவற்றில் இந்தியாவும் ஒன்று. யூத நாடு 1948-இல் பிறந்தது. போர்களுக்குப் பின் அரபு நாட்டுக்கென்று எஞ்சிய மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், காசா ஆகியவை 1967-இல் இஸ்ரேலின் வசமாயின. பாலஸ்தீன விடுதலை இயக்கம் 1974-இல் பொதுச் சபையில் பார்வையாளராக அனுமதிக்கப்பட்டது. 1988 நவம்பர் 15 அன்று அல்ஜியர்ஸில் அது நாட்டுப் பிரகடனம் செய்தபோது, பழைய பாலஸ்தீன நிலப்பரப்பில் ஏறத்தாழ 22 சதவீதத்தில் அமையும் நாட்டை ஏற்க முன்வந்ததாகவே உலகம் அதைப் படித்தது. மூன்றே நாளில் இந்தியா அங்கீகரித்தது. ஐ.நா. ஆவணங்களிலும் இயக்கத்தின் பெயருக்குப் பதில் ‘பாலஸ்தீனம்’ என்ற பெயர் ஏறியது. நாடு என்ற தகுதி மட்டும் ஏறவில்லை.

1993-இன் ஒஸ்லோ ஒப்பந்தம் அந்தக் கேள்வியை இருதரப்புப் பேச்சுவார்த்தைக்குள் கொண்டுபோய் வைத்தது. 1995-இன் இடைக்கால ஒப்பந்தத்தில் 31-ஆவது பிரிவின் 7-ஆவது உட்பிரிவை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இறுதி உடன்பாடு வரும்வரை மேற்குக் கரை, காசாவின் நிலையை மாற்றும் எந்த நடவடிக்கையையும் இரு தரப்பும் எடுக்கக் கூடாது என்கிறது அது. பின்னாளில் ஐ.நா.வுக்குப் போவதே இந்த உட்பிரிவை மீறுவது என்று இஸ்ரேல் சொன்னது. மேற்குக் கரையில் இஸ்ரேலியர்களுக்குக் குடியேற்றங்கள் கட்டுவதுதான் மீறல் என்று பாலஸ்தீனர்கள் சொன்னார்கள். ஒரே வரியை இருவரும் மேற்கோள் காட்டினார்கள். தீர்ப்புச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

2009 ஆகஸ்டில் பாலஸ்தீனப் பிரதமர் சலாம் ஃபய்யாத், இரண்டே ஆண்டில் நாட்டுக்கான நிர்வாக அமைப்புகளைக் கட்டி முடிக்கும் திட்டத்தை அறிவித்தார். கஜானா, காவல், நீதிமன்றம், வரி வசூல் என்று அந்த வேலை ஓசையில்லாமல் நடந்தது. 2011 ஏப்ரலில் பிரஸ்ஸல்ஸில் கூடிய நன்கொடை நாடுகள் முன் உலக வங்கி, பன்னாட்டு நிதியம், ஐ.நா. ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே கருத்தைச் சொன்னன: இந்த நிர்வாகம் ஒரு நாட்டை நடத்தும் தகுதியை எட்டிவிட்டது. ஆனால் அந்த நிர்வாகத்தின் அதிகாரம் காசாவில் செல்லவில்லை; 2007 ஜூன் முதல் காசா ஹமாஸின் கையில் இருந்தது. மேற்குக் கரையிலும் பெரும்பகுதி நிலம் இஸ்ரேலிய ராணுவத்தின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருந்தது.

பேச்சுவார்த்தையோ படுத்துவிட்டிருந்தது. 2010 செப்டம்பரில் வாஷிங்டனில் தொடங்கிய பேச்சு, குடியேற்றக் கட்டுமானத்துக்கு இஸ்ரேல் விதித்திருந்த பத்து மாத நிறுத்தம் அதே மாதம் 26 அன்று காலாவதியானதும் முறிந்தது. அதற்குச் சில நாள் முன்புதான் அமெரிக்க அதிபர் பொதுச் சபையில் பேசும்போது, அடுத்த ஆண்டு இங்கே கூடுகையில் ஐ.நா.வுக்குப் புதிய உறுப்பினரைத் தரும் உடன்பாட்டோடு வரலாம் என்று நம்பிக்கை தெரிவித்திருந்தார். 2011 பிப்ரவரியில் குடியேற்றங்களைக் கண்டிக்கும் வரைவுத் தீர்மானத்தைப் பாதுகாப்பு சபையில் அதே அமெரிக்கா 14-க்கு 1 என்ற நிலையில் வீட்டோ செய்தது. பிரேசிலும் அர்ஜென்டினாவும் தொடங்கி தென்னமெரிக்க நாடுகள் வரிசையாக அங்கீகரித்துக்கொண்டிருந்த நேரம் அது. பாலஸ்தீன நிர்வாகம் இயங்கும் ரமல்லாவில் இருந்தவர்களுக்கு இவையெல்லாம் சேர்ந்து ஒரே கணக்காகத் தெரிந்ததில் வியப்பில்லை.

முதல் முடிவு: பாதுகாப்பு சபையின் கதவைத் தட்டுவது

முன்னே இருந்தவை இரண்டு வழிகள். முழு உறுப்பினராக வேண்டுமென்றால் பாதுகாப்பு சபையின் 15 வாக்குகளில் ஒன்பதைப் பெற வேண்டும். ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் எவரும் தடுக்கக் கூடாது. அதன்பின் பொதுச் சபையில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். பார்வையாளர் நாடு என்ற நிலைக்குப் பொதுச் சபையின் சாதாரணப் பெரும்பான்மை போதும், வீட்டோவுக்கு இடமே இல்லை. முதல் வழியில் போனால் அமெரிக்கா தடுக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்த செய்தி. பாலஸ்தீனத் தலைவர் மஹ்மூத் அப்பாஸ் அந்த வழியையே தேர்ந்தார்.

அதற்குக் காரணங்கள் இருந்தன. 2011 ஜூலையில் தெற்கு சூடான் 193-ஆவது உறுப்பினராகச் சேர்ந்திருந்தது; ‘194’ என்ற எண் பாலஸ்தீனத் தெருக்களில் முழக்கமாகிவிட்டது. ஆலிவ் மரத்தில் செய்து நீலத் துணி போர்த்திய நாற்காலி ஒன்றை, ஐ.நா.வில் தங்களுக்கு உரிய இருக்கை என்று சொல்லி ஊர் ஊராக எடுத்துச் சென்றார்கள். கெய்ரோவிலும் துனிஸிலும் ஆட்சிகள் கவிழ்ந்த ஆண்டில், அரைப்படி கேட்டு நிற்கும் தலைவராகத் தெரிய அப்பாஸால் முடியாது. தோற்றாலும், தடுத்தது யார் என்று உலகம் பார்க்கட்டும் என்ற எண்ணமும் இருந்தது.

உள்ளேயிருந்தே ஓர் எச்சரிக்கையும் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த சட்டப் பேராசிரியர் ஒருவர் ஆகஸ்டில் எழுதிய கருத்துரையில், ஐ.நா.வில் விடுதலை இயக்கத்தின் இடத்தில் ‘நாடு’ வந்து அமர்ந்தால், லெபனானிலும் ஜோர்டானிலும் இருக்கும் அகதிகளுக்காகப் பேசுவது யார் என்று கேட்டார். இந்தக் கேள்வியை அப்போது பலர் பொருட்படுத்தவில்லை. ஓராண்டு கழித்துத் தீர்மானம் எழுதப்பட்டபோது, விடுதலை இயக்கத்தின் உரிமைகளுக்கும் பங்குக்கும் குந்தகமின்றி என்ற வாசகம் அதில் இடம்பெற்றது. இந்த நிகழ்வு முழுவதிலும் எச்சரிக்கை ஒன்று திருத்தமாக மாறிய இடம் அநேகமாக இது ஒன்றுதான்.

2011 செப்டம்பர் 23 அன்று அப்பாஸ் விண்ணப்பத்தைப் பொதுச் செயலரிடம் கொடுத்தார். பிறகு பொதுச் சபை மேடையேறி அதன் நகலை உயர்த்திக் காட்டினார். அவையின் பெரும்பகுதி எழுந்து நின்று கைதட்டியது. ரமல்லாவின் சதுக்கத்தில் பெரிய திரையில் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் ஆர்ப்பரித்தது. அதே நாளில் அமெரிக்கா, ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றியம், ஐ.நா. சேர்ந்த நால்வர் குழு, 2012 இறுதிக்குள் உடன்பாடு காண வேண்டும் என்று ஒரு கால அட்டவணையை வெளியிட்டது. அதை மீறினால் என்ன என்பதற்கு அட்டவணையில் ஒரு வரியும் இல்லை.

குழு அறையில் கண்டவை

விண்ணப்பம் பாதுகாப்பு சபையின் புதிய உறுப்பினர் சேர்க்கைக் குழுவுக்குப் போனது. சபையின் பதினைந்து உறுப்பினர்களும் அதில் உண்டு, அந்த ஆண்டு இந்தியா உட்பட. ஐ.நா. சாசனத்தின் 4-ஆவது பிரிவுப்படி விண்ணப்பிப்பவர் சமாதானத்தை விரும்பும் நாடாக இருக்க வேண்டும். சாசனக் கடமைகளை ஏற்க வேண்டும். அவற்றை நிறைவேற்றும் திறனும் விருப்பமும் வேண்டும். நாடு என்றால் என்ன என்பதற்கு 1933-இன் மொன்டிவிடியோ உடன்படிக்கையின் அளவுகோலை எடுத்துக்கொண்டார்கள்: நிலையான மக்கள், வரையறுத்த நிலம், ஓர் அரசு, பிற நாடுகளோடு உறவு கொள்ளும் திறன்.

விவாதம் அரசு என்ற மூன்றாவது அம்சத்தில் மாட்டிக்கொண்டது. காசா ஹமாஸின் கையில் இருக்கும்போது இந்த அரசு எதை ஆளுகிறது என்று சிலர் கேட்டார்கள். அந்நிய ஆக்கிரமிப்பில் இருப்பதால் ஒரு மக்களின் இறையாண்மை இல்லாமல் போய்விடாது என்று மற்றவர்கள் பதில் சொன்னார்கள். இரண்டும் கனமான வாதங்களே. நவம்பர் 11 அன்று வெளியான அறிக்கை இரண்டையும் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் எழுதி, ஒருமித்த பரிந்துரை செய்ய இயலவில்லை என்று முடித்தது.

வாக்குக் கணக்குதான் உண்மையான முட்டுக்கட்டை. ரஷ்யா, சீனா, இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா, லெபனான் ஆகியவை உறுதி. பிரிட்டனும் பிரான்சும் கொலம்பியாவும் நடுநிலை என்று சொல்லிவிட்டன. போஸ்னியாவின் மூவர் தலைமைக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. மீதி நாடுகளையும் சேர்த்து எப்படிக் கூட்டினாலும் எட்டைத் தாண்டவில்லை. ஒன்பது கிடைத்திருந்தால் அமெரிக்கா வீட்டோவைப் பயன்படுத்தியே ஆக வேண்டும். அதற்கொரு அரசியல் விலை உண்டு. எட்டோடு நின்றால் வீட்டோ தேவையே இல்லாமல் விண்ணப்பம் விழுந்துவிடும், தடுத்தவர் பெயரும் பதிவாகாது. ஆகவே பாலஸ்தீனத் தரப்பு வாக்கெடுப்பைக் கோரவில்லை. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவும் இல்லை. அதை உயிரோடு மேசையில் கிடக்க விட்டது, இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே நிதானமானது என்பது என் மதிப்பீடு.

பாரிஸ்: எதிர்பாராத விலை

நியூயார்க்கில் குழு கூடிக்கொண்டிருந்த அதே வாரங்களில் பாரிஸில் வேறொரு கதவு திறந்தது. யுனெஸ்கோவின் நிர்வாகக் குழு அக்டோபர் 5 அன்று 40-க்கு 4 என்ற கணக்கில் பாலஸ்தீனத்தின் பழைய விண்ணப்பத்தை முன்னெடுத்தது. அக்டோபர் 31 அன்று பொது மாநாடு 107 ஆதரவு, 14 எதிர்ப்பு, 52 நடுநிலை என்ற கணக்கில் அதை உறுப்பினராகச் சேர்த்தது. பிரான்ஸ் ஆதரித்தது. ஸ்வீடன் எதிர்த்து வாக்களித்தது. மூன்றே ஆண்டில் தானே பாலஸ்தீனத்தை அங்கீகரிக்கப்போகிற அதே ஸ்வீடன்தான். ‘சர்வதேச ஆதரவு’ என்ற பெயரில் நாம் ஒரே கட்டியாகப் பார்ப்பது, நெருங்கிப் பார்த்தால் இப்படி மாதத்துக்கு மாதம் மாறுகிற தனித்தனிக் கணக்குகள்.

அமெரிக்கச் சட்டத்தில் 1990-லும் 1994-லும் இயற்றிய இரண்டு பிரிவுகள் இருந்தன. பாலஸ்தீனத்தை முழு உறுப்பினராகச் சேர்க்கும் எந்த ஐ.நா. அமைப்புக்கும் பணம் தரக் கூடாது என்பது அவற்றின் சாரம். அதிபர் நினைத்தாலும் விலக்குத் தர வழியில்லை. யுனெஸ்கோவின் வரவுசெலவில் 22 சதவீதம் அமெரிக்காவுடையது. அந்த நவம்பரில் வரவேண்டிய ஏறத்தாழ ஆறு கோடி டாலர் உடனே நின்றது. புதிய வேலைகள் முடங்கின. ஆதரித்து வாக்களித்த 107 நாடுகள் அந்த ஓட்டையை அடைக்க ஓர் ஏற்பாடும் செய்து வைத்திருக்கவில்லை. நிதி நின்ற பிறகுதான் அவசர நிதிக்குக் கையேந்தல் தொடங்கியது. அடுத்து உலக சுகாதார நிறுவனத்துக்கோ அணுசக்தி முகமைக்கோ பாலஸ்தீனம் விண்ணப்பித்தால் என்ன ஆகும் என்று பொதுச் செயலரே வெளிப்படையாகக் கவலைப்பட்டார்.

இஸ்ரேலும் சும்மா இருக்கவில்லை. கிழக்கு ஜெருசலேமிலும் மேற்குக் கரையிலும் சுமார் 2,000 வீடுகளின் கட்டுமானத்தை விரைவுபடுத்துவதாக அறிவித்தது. ரமல்லா நிர்வாகமான பாலஸ்தீன ஆணையத்துக்குச் சேர வேண்டிய வரிப்பணத்தை நிறுத்திவைத்தது. 1994-இன் பாரிஸ் நெறிமுறைப்படி இறக்குமதித் தீர்வையும் மதிப்புக்கூட்டு வரியும் இஸ்ரேலே வசூலித்துக் கொடுப்பது வழக்கம். மாதம் சுமார் பத்துக் கோடி டாலர். ஏறத்தாழ ஒன்றரை லட்சம் அரசு ஊழியர்களின் சம்பளம் அதை நம்பியிருந்தது. நவம்பர் இறுதியில் பணம் விடுவிக்கப்பட்டது. ஆனால் எந்தக் குழாய் யார் கையில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இங்கேதான் பாடம் படித்திருக்க வேண்டும். வாக்கெடுப்பின் விளைவு வாக்கெடுப்பு அறையில் முடிவதில்லை. மறுநாள் காலை சம்பளப் பட்டியலிலும் கட்டுமான அனுமதியிலும் தெரிகிறது. ஒரு முழு ஆண்டு அவகாசம் இருந்தது.

இரண்டாவது முடிவு: பொதுச் சபை

2012-இன் தொடக்கத்தில் அம்மானில் நடந்த தூதுவர் சந்திப்புகள் பலன் தரவில்லை. ஏப்ரல் 3 அன்று ஹேக்கிலிருந்து வந்த ஒரு பதில் அதிகம் கவனிக்கப்படவில்லை. ஹேக்கில் இயங்கும் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் அதிகார வரம்பை ஏற்பதாகப் பாலஸ்தீனத் தரப்பு 2009-லேயே அறிவித்திருந்தது. நீங்கள் ஒரு நாடா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு எங்களுடையதல்ல, அதை ஐ.நா. அமைப்புகள் சொல்லட்டும் என்று வழக்குத் தொடுநர் அலுவலகம் இப்போது பதில் எழுதியது. மறுப்பாகவே பலர் இதை வாசித்தார்கள். ஆனால் அந்தப் பதில் வழியையும் காட்டியது. பொதுச் சபை ‘நாடு’ என்று ஒரு முறை சொல்லிவிட்டால் போதும்.

எனவே முழு உறுப்பினர் விண்ணப்பம் கிடப்பில் இருக்கட்டும், இரண்டாவது வழியில் போகலாம் என்று முடிவானது. நாளாக நவம்பர் 29-ஐத் தேர்ந்தார்கள்; பிரிவினைத் தீர்மானத்தின் 65-ஆவது ஆண்டு நாள். அமெரிக்கத் தேர்தல் முடிந்திருந்தது. நவம்பர் 14 முதல் 21 வரை காசாவில் நடந்த எட்டு நாள் போர் ஐரோப்பியத் தலைநகரங்களின் கணக்கை மாற்றியது. ராக்கெட் விட்ட ஹமாஸ் செல்வாக்கு பெறுவதும், பேச்சுவார்த்தையை நம்பிய அப்பாஸ் வெறுங்கையோடு நிற்பதும் எவருக்கும் நல்லதல்ல என்று பலர் எண்ணத் தொடங்கினார்கள். எதிர்த்து வாக்களிக்கலாம் என்றிருந்த ஜெர்மனி நடுநிலைக்கு வந்தது. பிரிட்டன் ஒரு பேரம் வைத்தது: முன்நிபந்தனையின்றிப் பேச்சுக்குத் திரும்புவோம், ஹேக் நீதிமன்றத்துக்குப் போக மாட்டோம் என்று உறுதி தந்தால் ஆதரிப்போம் என்றது. பாலஸ்தீனத் தரப்பு அந்த உறுதியைத் தரவில்லை. பிரிட்டனின் வாக்கும் கிடைக்கவில்லை. ஒரு வாக்குக்காக ஹேக்கின் கதவை அடைத்துக்கொள்ளாதது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். பிறகு நடந்தவை அதை உறுதி செய்தன.

67/19 எண்ணுள்ள தீர்மானம் 138 ஆதரவு, 9 எதிர்ப்பு, 41 நடுநிலை என்று நிறைவேறியது. எதிர்த்தவை அமெரிக்கா, இஸ்ரேல், கனடா, செக் குடியரசு, பனாமா, மற்றும் மார்ஷல் தீவுகள், மைக்ரோனேசியா, நவ்ரு, பலாவ் என்ற நான்கு பசிபிக் தீவு நாடுகள். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், நார்வே, ஸ்வீடன் ஆதரித்தன. பாலஸ்தீன நாட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் தரும்படி அப்பாஸ் அவையைக் கேட்டுக்கொண்டார். பாலஸ்தீனம் இப்போது வாடிகனுக்கு இணையான நிலையை அடைந்தது.

மறுநாள்

நவம்பர் 30 அன்று, கிழக்கு ஜெருசலேமிலும் மேற்குக் கரையிலும் 3,000 வீடுகள் கட்டவும், ஈ-1 என்ற பகுதியில் திட்டப் பணிகளைத் தொடங்கவும் இஸ்ரேல் முடிவெடுத்திருப்பது தெரியவந்தது. ஈ-1 என்பது கிழக்கு ஜெருசலேமுக்கும் மாலே அதுமிம் குடியேற்றத்துக்கும் நடுவில் உள்ள சுமார் 12 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம். அங்கே ஊர் எழுந்தால் ரமல்லாவுக்கும் பெத்லஹேமுக்கும் இடையே தொடர்ச்சியாக ஒரு பாலஸ்தீன நிலம் இருக்காது. இரு நாடுகள் தீர்வின் வரைபடம் அங்கேயே அறுந்துவிடும். முந்தைய அமெரிக்க நிர்வாகங்கள் பல ஆண்டுகளாகத் தடுத்து வைத்திருந்த திட்டம் அது.

பிரிட்டன், பிரான்ஸ், ஸ்பெயின், ஸ்வீடன், டென்மார்க் ஆகிய ஐந்தும் டிசம்பர் 3 அன்று இஸ்ரேலியத் தூதுவர்களை அழைத்துக் கண்டித்தன. அதற்கு மேல் கையில் ஒன்றும் இல்லை. வரிப்பணம் மறுபடியும் நிறுத்தப்பட்டது. அந்தத் தொகை மின்கட்டணப் பாக்கிக்கு ஈடுசெய்யப்படும் என்றார்கள். மாதம் பத்துக் கோடி டாலர் நெருக்கடிகால உதவியாகத் தருவதாக அரபு லீக் வாக்களித்திருந்தது. வாக்குறுதிக்கு ஏற்ற பணம் வரவில்லை. டிசம்பரில் மேற்குக் கரையின் அரசு ஊழியர்கள் சம்பளமின்றி வேலைநிறுத்தம் செய்தார்கள். நாட்டை நடத்தத் தகுதி பெற்றுவிட்டது என்று இருபது மாதங்களுக்கு முன் சான்று வாங்கிய அதே நிர்வாகம், தன் ஆசிரியர்களுக்குச் சம்பளம் போட முடியாமல் நின்றது. 2013 ஏப்ரலில் ஃபய்யாத் பதவி விலகினார். காரணங்கள் பல, பண நெருக்கடி அவற்றில் சிறியதல்ல.

ஈ-1 நிலத்திலேயே நேரடியாகப் பதில் சொன்னது அரசுகள் அல்ல. 2013 ஜனவரி 11 அன்று சுமார் இருநூறு பாலஸ்தீனத் தொண்டர்கள் அந்த மேட்டில் கூடாரங்கள் அடித்து, பாப் அல் ஷம்ஸ் என்று பெயரிட்டு ஒரு கிராமத்தை நிறுவினார்கள். குளிர் கடுமை. இரண்டாம் இரவு, விடிவதற்குள் காவல்படை வந்து எல்லோரையும் தூக்கி வெளியேற்றியது. எனினும் உலக நாடுகளின் அழுத்தமும் சேர்ந்துகொள்ள, ஈ-1 கட்டுமானம் அப்போது தொடங்கவில்லை.

கையெழுத்துகள்

67/19-இன் உண்மையான பலன் வெளிவர இன்னும் பதினாறு மாதம் ஆனது. 2013 ஜூலையில் அமெரிக்க முயற்சியால் மீண்டும் தொடங்கிய பேச்சில், ஐ.நா. அமைப்புகளை நாடுவதைத் தள்ளிவைக்கப் பாலஸ்தீனத் தரப்பு ஒப்புக்கொண்டது; இஸ்ரேல் நான்கு தவணைகளில் நீண்டகாலக் கைதிகளை விடுவிக்க ஒப்புக்கொண்டது. 2014 மார்ச் இறுதியில் நான்காவது தவணை நடக்கவில்லை. ஏப்ரல் 1 அன்று ரமல்லாவில் தொலைக்காட்சிக் கேமராக்கள் முன் அமர்ந்து அப்பாஸ் 15 உடன்படிக்கைகளில் சேரும் கடிதங்களில் கையெழுத்திட்டார். ஜெனீவா ஒப்பந்தங்கள், குழந்தைகள் உரிமை, பெண்களுக்கு எதிரான பாகுபாடு ஒழிப்பு, மாற்றுத்திறனாளிகள் உரிமை எல்லாம் அவற்றில் உண்டு. யுனெஸ்கோ உறுப்பினர் என்ற தகுதியும் இங்கே கைகொடுத்தது, ஐ.நா.வின் சிறப்பு அமைப்பு எதிலாவது உறுப்பினராக இருந்தால் சேரலாம் என்று பல உடன்படிக்கைகளில் விதி உண்டு.

அந்த ஆண்டின் கடைசி நடவடிக்கை எனக்குப் புரியாத ஒன்று. ஓராண்டுக்குள் உடன்பாடு, 2017 இறுதிக்குள் இஸ்ரேலியப் படை விலகல் என்று கேட்கும் வரைவு டிசம்பர் 30 அன்று பாதுகாப்பு சபைக்கு வந்தது. ஆதரவு 8, எதிர்ப்பு 2, நடுநிலை 5. மறுபடியும் எட்டு. இரண்டு நாள் பொறுத்திருந்தால் ஜனவரி 1 அன்று மலேசியா, வெனிசுவேலா உட்பட ஐந்து புதிய உறுப்பினர்கள் அவையில் அமர்ந்திருப்பார்கள், ஒன்பது கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கும். 2011-இல் எட்டு வாக்கின் பொருளை அவ்வளவு தெளிவாக உணர்ந்து ஒதுங்கியவர்கள், 2014-இல் அதே பள்ளத்தில் தாமாக இறங்கினார்கள்.

மறுநாளே, டிசம்பர் 31 அன்று, ஹேக் நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சட்டத்தில் அப்பாஸ் கையெழுத்திட்டார். 2015 ஏப்ரல் 1 அன்று பாலஸ்தீனம் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் உறுப்பு நாடானது. 2021 பிப்ரவரியில் அந்த நீதிமன்றம் மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், காசா ஆகியவை தன் வரம்புக்குள் வரும் என்று தீர்ப்பளித்தபோது 67/19 தீர்மானம் அதில் முக்கிய இடம் பெற்றது. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். தொடர்ந்த காசா போரில் பல்லாயிரம் பாலஸ்தீனர்கள் மாண்டார்கள். 2024 நவம்பரில் இஸ்ரேலியப் பிரதமருக்கும் முன்னாள் பாதுகாப்பு அமைச்சருக்கும் ஹமாஸின் ராணுவத் தளபதி ஒருவருக்கும் அந்த நீதிமன்றம் கைது ஆணை பிறப்பித்தது. 2012 இரவில் கைதட்டியவர்களில் எத்தனை பேர் இதை மனதில் வைத்திருந்தார்கள் என்று தெரியாது. தயங்கியவர்கள் வைத்திருந்தார்கள்; பிரிட்டனின் நிபந்தனையே அதற்குச் சாட்சி.

இன்றைய நிலை

கிடப்பில் விட்ட விண்ணப்பம் 2024 ஏப்ரலில் மீண்டும் எழுந்தது. ஏப்ரல் 18 அன்று 12 ஆதரவு, 2 நடுநிலை, அமெரிக்காவின் ஒரு வீட்டோ. எட்டாக இருந்தது பன்னிரண்டாகியிருந்தது. ஜப்பானும் தென்கொரியாவும் ஆதரித்தன. மே 28 அன்று நார்வே, அயர்லாந்து, ஸ்பெயின் அங்கீகரித்தன. 2025 செப்டம்பர் 12 அன்று இரு நாடுகள் தீர்வுக்கான நியூயார்க் பிரகடனத்தைப் பொதுச் சபை 142-க்கு 10 என்று ஏற்றது. 2012-இல் நடுநிலை வகித்த பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும், எதிர்த்த கனடாவும் செப்டம்பர் 21 அன்று அங்கீகரித்தன. பிரான்ஸ் மறுநாள். 193 உறுப்பு நாடுகளில் 157 இப்போது பாலஸ்தீனத்தை அங்கீகரித்திருக்கின்றன.

இந்த ஏற்றத்துக்கு இணையாக இன்னொரு வரிசையும் உண்டு. 2012-இல் கிழக்கு ஜெருசலேம் நீங்கலாக மேற்குக் கரையில் இருந்த குடியேறிகள் மூன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இப்போது ஐந்து லட்சத்துக்கு மேல். 2024 ஜூலையில் இஸ்ரேலிய நாடாளுமன்றம் பாலஸ்தீன நாடு அமைவதையே எதிர்க்கும் தீர்மானத்தை 68-க்கு 9 என்று நிறைவேற்றியது. 2025 ஆகஸ்ட் 20 அன்று ஈ-1 பகுதியில் சுமார் 3,400 வீடுகள் கட்டும் திட்டத்துக்கு இறுதி ஒப்புதல் கிடைத்தது.

மாற்றிச் செய்யக்கூடியவை

பாலஸ்தீனத் தரப்பைப் பொறுத்தவரை, முதல் வழியில் செலவான ஓராண்டு முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன்; ஆனால் பொதுச் சபைத் தீர்மானத்தை 2011-லேயே வாங்கியிருக்க முடியும். வாங்கிய பிறகு ஹேக்குக்குப் போக இரண்டு ஆண்டு காத்திருந்ததும் கேள்விக்குரியது. அந்தக் காத்திருப்பைப் பேச்சுவார்த்தையில் விலைபேசும் பொருளாக வைத்திருந்தார்கள் என்பது விளக்கம். விலை கிடைக்கவில்லை என்பது பதிவு. காசாவையும் மேற்குக் கரையையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவராமல் ‘அரசு’ என்ற மூன்றாவது அளவுகோலுக்குப் பதில் சொல்ல முடியாது என்பதை 2011-இன் குழு அறிக்கையே காட்டியது. அதற்குப் பிறகு பத்தாண்டுக்கு மேல் போயும் அந்தப் பதில் தயாராகவில்லை. இதில் ஹமாஸ், அப்பாஸின் கட்சியான ஃபத்தா இரண்டுக்குமே பங்குண்டு.

ஆதரித்த நாடுகளின் பொறுப்பு இதைவிடப் பெரிது. 138 நாடுகளில் ஒன்றுகூட நவம்பர் 30-க்கான திட்டத்தோடு நவம்பர் 29 அன்று வாக்களிக்கவில்லை. இஸ்ரேலின் எதிர்வினை என்னவாக இருக்கும் என்பதை 2011-இன் யுனெஸ்கோ நிகழ்வே ஒத்திகை பார்த்துக் காட்டியிருந்தது: கட்டுமான அறிவிப்பு, வரிப்பண நிறுத்தம். இரண்டையும் முன்கூட்டியே எதிர்பார்த்து, ஆறு மாதச் சம்பளத்துக்கான நிதியை ஒரு கணக்கில் போட்டு வைத்திருக்கலாம். குடியேற்றப் பொருட்களின் வணிகத்தில் என்ன செய்வோம் என்று வாக்கெடுப்புக்கு முன்பே சொல்லி வைத்திருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் குடியேற்றப் பொருட்களில் அதற்கான முத்திரை இருக்க வேண்டும் என்று விளக்கக் குறிப்பு வெளியிட்டதே 2015 நவம்பரில்தான்.

அங்கீகாரம் இஸ்ரேலியர்களின் பாதுகாப்புக் கவலைக்குப் பதில் தருவதில்லை என்ற எதிர்வாதமும் நியாயமானதே. 67/19-இல் அதற்கென்று ஒரு பொறிமுறையும் இல்லை. 2025-இன் நியூயார்க் பிரகடனம் இதில் ஒரு படி முன்னே போயிருக்கிறது: ஹமாஸ் ஆயுதங்களைப் பாலஸ்தீன ஆணையத்திடம் ஒப்படைக்க வேண்டும், காசாவில் அதன் ஆட்சி முடிய வேண்டும் என்று கேட்கிறது, அரபு லீக் நாடுகள் பலவும் அதை ஏற்று வாக்களித்தன. 2012-இன் வாசகத்தில் இப்படியொரு பத்தி இருந்திருந்தால் ஜெர்மனி போன்ற நாடுகள் நடுநிலையைத் தாண்டி வந்திருக்கக்கூடும். அப்போது ஹமாஸ் அந்த வாக்கெடுப்பை ஆதரித்தே பேசியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எனவே அந்தப் பத்தியை எழுதுவது அப்பாஸுக்கு எளிதாக இருந்திருக்காது.

அங்கீகாரத்தை மறுநாள் நடவடிக்கையோடு கோக்கும் முயற்சிகள் இப்போதுதான் தென்படுகின்றன. 2024 ஜூன் 4 அன்று அங்கீகரித்த ஸ்லோவேனியா, குடியேற்றங்களில் விளைந்த பொருட்களை இறக்குமதி செய்வதற்கு 2025 ஆகஸ்டில் தடை விதித்தது. ஸ்பெயின் அடுத்த மாதம் அதே வழியில் ஆணை பிறப்பித்தது. அங்கீகாரத்துக்கும் தடைக்கும் நடுவே ஸ்லோவேனியாவுக்கு பதினான்கு மாதமும் ஸ்பெயினுக்கு ஏறக்குறைய பதினாறு மாதமும் ஆகியிருக்கின்றன.